பழுதென்று ஒதுக்கிய படத்தில் ஒரு நிலவு

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த விழாவிலே பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தபோது, "நீரிழிவைப் பற்றிப் பேசுமன், எங்கட வயசுக்கு அதுதானே தேவை" என்றார். வைத்தியராக இருப்பதால் எந்த மேடைக்குப் போனாலும் எனக்கு இந்த வேண்டுகோள்தான் வரும். இன்று ஒரு நாள் மட்டும் என்னை மன்னிக்க வேண்டும். நான் ஒரு நிலவைப் பற்றிப் பேசப் போகிறேன். நமது சந்திரனைப் பற்றியல்ல. சூரியனிலிருந்து சராசரியாக 590 கோடி கிலோமீற்றர் தொலைவில் சுற்றுகின்ற புளூட்டோவின் நிலவைப் பற்றி. அதன் பெயர் ஷாரன். அது கண்டுபிடிக்கப்பட்டது 1978ஆம் ஆண்டு. நான் பிறந்ததும் அந்த ஆண்டுதான். ஆனால் அதைத் தெரிவு செய்ததற்குக் காரணம் அதுவல்ல. அந்தக் காரணத்தைச் சொல்வதற்கு முதலில் இந்தக் கல்லூரியின் எட்டாம் வகுப்புக்குப் போக வேண்டும்.

அது 1991. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோயிருந்த காலம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு பஞ்சுத் திரியும் வைத்து, அந்த வெளிச்சத்தில் படித்த தலைமுறை நாங்கள். என்னோடு படித்தவர்கள் இப்போது சிரிப்பது தெரிகிறது. அந்த இருட்டால் எங்களுக்குக் கிடைத்த ஒரே நன்மை வானம். முற்றத்தில் பாய் போட்டுப் படுத்தால் அத்தனை நட்சத்திரங்களும் தெரிந்தன என்று என் தோழிகள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் மங்கலாகத் தெரியும், அவர்கள் கூட்டிச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வகுப்பிலும் கரும்பலகையில் உள்ளதைப் பிழையாக எழுதிக்கொண்டிருந்தேன். 3 இருந்தால் 8 என்று எழுதுவேன். இரண்டு தவணைத் தேர்ச்சி அறிக்கையிலும் ஒரே சொல் இருந்தது: "கவனயீனம்". அப்பா அதை வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் கையொப்பம் வைத்தார். அது எனக்கு அடி விழுந்ததைவிட அதிகமாக வலித்தது.

மூன்றாம் தவணையில் எங்களுக்கு ஒரு புதிய விஞ்ஞான ரீச்சர் வந்தார். பெயர் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்தில் படித்த எல்லோருக்கும் விளங்கும். அவர் என் கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். பிறகு பாடப் புத்தகத்தைத் தந்து, "இதில ஒரு பக்கம் பார்த்து எழுதும் பிள்ளை" என்றார். எழுதினேன். ஒரு பிழையும் இல்லை. "கவனயீனம் எண்டால் புத்தகத்தைப் பார்த்து எழுதேக்கையும் பிழை வரவேணும். பலகையைப் பார்த்து எழுதேக்கை மட்டும் ஏன் வருது?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என்னைக் கடைசி வாங்கிலிருந்து முன் வாங்குக்கு மாற்றினார். அப்பாவுக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். அப்பா என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு கண் வைத்தியரிடம் போனார். கண்ணாடி வந்த அன்று இரவுதான் முதல் தடவையாக நட்சத்திரங்களைப் புள்ளி புள்ளியாகக் கண்டேன்.

ரீச்சர் கேட்ட அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனிப் புளூட்டோவுக்குப் போவோம்.

புளூட்டோவை 1930 பெப்ரவரி 18இல் அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள லோவெல் வானாய்வு நிலையத்தில் கிளைட் டொம்போ என்ற இளைஞர் கண்டுபிடித்தார். அதற்குப் பெயர் வைத்தவர் ஒரு பாடசாலைச் சிறுமி. இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரில் இருந்த வெனிஷியா பேர்னிக்கு அப்போது 11 வயது. காலையுணவு மேசையில் தாத்தா பத்திரிகைச் செய்தியை வாசித்தபோது, இருண்ட தொலைவில் இருக்கும் கோளுக்குப் பாதாள உலகின் தெய்வமான புளூட்டோவின் பெயர் பொருந்தும் என்று அந்தச் சிறுமி சொன்னார். தாத்தா அதை அலட்சியம் செய்யவில்லை. தனக்குத் தெரிந்த வானியல் பேராசிரியரிடம் சொன்னார். பேராசிரியர் அமெரிக்காவுக்குத் தந்தி அடித்தார். அந்தப் பெயரே நிலைத்தது. வெனிஷியா வளர்ந்து பெண்கள் பாடசாலைகளில் கணிதமும் பொருளியலும் கற்பித்தார் என்பதை இந்த மண்டபத்தில் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கோள் கிடைத்தது. ஆனால் அதைப் பற்றி அடுத்த 48 ஆண்டுகளாக அதிகம் அறிய முடியவில்லை. மிகப் பெரிய தொலைக்காட்டியிலும் அது ஒரு புள்ளிதான். அதன் நிறை எவ்வளவு என்பதுகூட ஊகம். ஆரம்பத்தில் அது பூமியளவு நிறை கொண்டது என்றுகூட எண்ணினார்கள். 1950களில் ஒன்று மட்டும் தெரிந்தது: அந்தப் புள்ளியின் ஒளி ஒரு சீராகக் கூடிக் குறைகிறது, அதற்கு 6.39 நாட்கள் எடுக்கிறது. அதாவது புளூட்டோ தன்னைத் தானே ஒரு முறை சுற்ற ஆறு நாட்களும் ஒன்பது மணித்தியாலமும் ஆகின்றன.

1978 ஜூன் மாதம். வொஷிங்டனில் அமெரிக்கக் கடற்படை வானாய்வு நிலையத்தில் ஜேம்ஸ் கிறிஸ்டி என்பவர் புளூட்டோவின் படங்களை அளந்துகொண்டிருந்தார். அரிசோனாவில் உள்ள 61 அங்குலத் தொலைக்காட்டியால் எடுக்கப்பட்டவை. இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்: அந்நாளில் வானத்தைப் படம் எடுத்தது கண்ணாடித் தட்டுகளில். அவர் வேலை புதுமை தேடுவதல்ல. புளூட்டோவின் பாதையை இன்னும் திருத்தமாகக் கணிப்பதற்காகப் புள்ளியின் நடுவை அளப்பது. அலுப்பான வேலை.

சில தட்டுகளில் புளூட்டோ வட்டமாக இல்லை. ஒரு பக்கம் சற்று நீண்டு, புடைத்து இருந்தது. அப்படியான படங்களைப் பழுது என்று ஒதுக்குவது வழமை. காரணங்களும் நியாயமானவை. படம் எடுக்கும்போது தொலைக்காட்டி கொஞ்சம் அசைந்திருக்கலாம். காற்று மண்டலம் கலங்கியிருக்கலாம். தட்டின் பூச்சில் குறை இருக்கலாம். இவை எல்லாம் அன்றாடம் நடப்பவை.

கிறிஸ்டி புளூட்டோவைப் பார்த்த கண்ணால் அதே தட்டிலிருந்த நட்சத்திரங்களையும் பார்த்தார். அவை வட்டமாக இருந்தன. தொலைக்காட்டி அசைந்திருந்தால் எல்லாமே நீண்டிருக்க வேண்டும். காற்றுக் கலங்கியிருந்தால் எல்லாமே கலங்கியிருக்க வேண்டும். புளூட்டோ மட்டும் ஏன்?

எட்டாம் வகுப்பில் ரீச்சர் கேட்டதும் இதே கேள்விதான்.

கிறிஸ்டி பழைய தட்டுகளை எடுத்துப் பார்த்தார். 1965இல் எடுத்த படத்திலும் புடைப்பு இருந்தது. 1970இல் எடுத்தவற்றிலும் இருந்தது. பதின்மூன்று ஆண்டுகளாக அந்த நிலவு அலுமாரிக்குள் இருந்திருக்கிறது. பிழை என்ற சொல் அதை மறைத்திருக்கிறது. புடைப்பு ஒரே இடத்தில் நிற்கவில்லை. சில படங்களில் வடக்குப் பக்கம், சிலவற்றில் தெற்குப் பக்கம். கிறிஸ்டியும் அவருடைய சக ஆய்வாளர் றொபேர்ட் ஹரிங்டனும் கணக்குப் போட்டார்கள். புடைப்பு ஒரு சுற்று வர எடுக்கும் காலம் 6.39 நாட்கள். புளூட்டோவின் ஒளி கூடிக் குறையும் அதே காலம். புடைப்பு ஒரு நிலவு என்பது அப்போது விளங்கியது. அது ஜூன் 22. ஜூலை 7ஆம் திகதி உலகுக்கு அறிவித்தார்கள்.

நிலவு கிடைத்ததால் கோளை நிறுக்க முடிந்தது. நிலவு எவ்வளவு தூரத்தில் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பது தெரிந்தால் நடுவில் உள்ளதன் நிறையைக் கணக்கிடலாம். பூமியளவு என்று ஒரு காலத்தில் நினைத்த புளூட்டோ, பூமியில் ஏறத்தாழ 500இல் ஒரு பங்கு என்று தெரிந்தது. நமது சந்திரனின் நிறையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஷாரனோ அதன் பக்கத்தில் பெரியது. புளூட்டோவின் குறுக்களவு 2377 கிலோமீற்றர்; ஷாரனுடையது 1212. இலங்கையின் நீளத்தைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இரண்டுக்கும் இடையே 19,600 கிலோமீற்றர்தான். இரண்டும் எப்போதும் ஒரே முகத்தை ஒன்றுக்கொன்று காட்டிக்கொண்டு, நடுவிலுள்ள ஒரு பொதுப் புள்ளியைச் சுற்றி வருகின்றன. புளூட்டோவில் நின்று பார்த்தால் ஷாரன் உதிப்பதுமில்லை, மறைவதுமில்லை. ஒரே இடத்தில் நிற்கும்.

இனிப் பெயர் வைத்த கதை. கிறிஸ்டியின் மனைவியின் பெயர் ஷார்லீன். வீட்டில் "ஷார்" என்று கூப்பிடுவார்கள். மனைவியின் பெயரை நிலவுக்கு வைக்க அவருக்கு ஆசை. புரோத்தன், இலத்திரன் என்று விஞ்ஞானப் பெயர்கள் "ஒன்" என்று முடிவதைப் போல, "ஷார்" உடன் அதைச் சேர்த்தார். ஆனால் புளூட்டோவின் நிலவுக்குப் புராணத் தொடர்புள்ள பெயர்தான் எடுபடும். தயக்கத்தோடு அகராதியைப் புரட்டினார். அங்கே அதே எழுத்துகளில் ஒரு பெயர் ஏற்கெனவே இருந்தது. கிரேக்கப் புராணத்தில் இறந்தவர்களைப் பாதாள உலகின் ஆற்றைக் கடத்தும் ஓடக்காரன் அவன். நாங்கள் செத்தவீடுகளில் கேட்டு வளர்ந்த வைதரணி ஆற்றைப் போன்ற ஓர் ஆறு. பாதாளத் தெய்வத்தின் அருகில் ஓடக்காரன். அதைவிடப் பொருத்தம் வேறென்ன? ஓடக்காரனின் பெயரை ஆங்கிலத்தில் "கேரன்" என்று உச்சரிப்பவர்கள் உண்டு. கிறிஸ்டி மட்டும் மனைவியை நினைத்து "ஷாரன்" என்றே சொன்னார். ஆய்வாளர் பலரும் அவரைப் பின்பற்றுகிறார்கள். நிலவைப் பிடித்துத் தருவேன் என்று கணவன்மார் பலர் சொல்வார்கள், என்னுடையவர் தந்தே விட்டார் என்று ஷார்லீன் பின்னாளில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். இங்கே வந்திருக்கும் கணவன்மார் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தப் பெயர் உடனே கிடைத்துவிடவில்லை. முதலில் அதற்கு ஓர் இலக்கம்தான் கொடுத்தார்கள். படத்தில் ஒரு புடைப்பு. அதுவும் வேறு ஏதாவதாக இருக்கக்கூடும் என்று ஐயப்பட்டவர்கள் இருந்தார்கள். பிறகு ஓர் அதிர்ஷ்டம். 1985 முதல் 1990 வரை, பூமியிலிருந்து பார்க்கையில் புளூட்டோவும் ஷாரனும் ஒன்றையொன்று மாறி மாறி மறைத்தன. ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் அப்படி நடக்கும். குறித்த நேரத்தில் ஒளி குறைந்தது. இனி ஐயமில்லை. 1986 ஜனவரியில்தான் சர்வதேச வானியல் ஒன்றியம் ஷாரன் என்ற பெயரை முறைப்படி அறிவித்தது. ஏழு ஆண்டுகளுக்கு மேல் பொறுத்திருந்தே பெயர் வைத்தார்கள். "பழுது" என்ற பெயரை வைக்க எவருக்கும் ஏழு நிமிடம்கூடத் தேவைப்பட்டிருக்காது.

இந்த இடத்தில் நான் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். பெருமைக்குரிய கதையல்ல.

வைத்தியராகிச் சில ஆண்டுகளே ஆன காலம். ஒரு வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் இருந்தேன். நாளொன்றுக்கு நூறு பேருக்கு மேல் பார்ப்போம். இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை வந்தாள். இருமல், களைப்பு. எக்ஸ்ரே எடுக்க அனுப்பினேன். படத்தில் இடது நுரையீரலின் மேற்பகுதியில் மங்கலான ஒரு நிழல் இருந்தது. அவளுக்கு நீளமான தலைமயிர், ஒற்றைப் பின்னல். எக்ஸ்ரே எடுக்கும்போது பின்னலைத் தூக்கிக் கட்டாவிட்டால், அந்தப் பின்னல் படத்தில் நுரையீரல் நோய் போலவே நிழல் விழுத்தும். இரட்டைப் பின்னலோடு வளர்ந்த நமக்கு அது நன்றாக விளங்கும். அன்று காலையும் அப்படி ஒரு படத்தைப் பார்த்திருந்தேன். "பின்னல் நிழல்" என்று துண்டில் எழுதினேன். மயிரைத் தூக்கிக் கட்டி இன்னொரு படம் எடுப்பித்திருக்க வேண்டும். வெளியே வரிசை நீண்டிருந்தது. இருமலுக்கு மருந்து கொடுத்து அனுப்பினேன்.

ஆறு வாரங்களுக்குப் பிறகு அவள் இரத்தம் கக்கிக்கொண்டு வந்தாள். காசநோய். வீட்டில் அவளோடு ஒரே பாயில் படுத்த சின்னத் தம்பிக்கும் தொற்றியிருந்தது.

அன்று மாலை பழைய படத்தைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் வைத்தேன். பின்னலின் நிழல் என்றால் அது நுரையீரலின் எல்லையோடு நின்றிருக்க முடியாது. மேலே கழுத்துக்கும் தோளுக்கும் தொடர்ந்து போயிருக்க வேண்டும். பின்னலுக்கு நுரையீரல் எங்கே முடிகிறது என்று தெரியுமா? அந்த நிழல் நுரையீரலுக்குள்ளேயே தொடங்கி அதற்குள்ளேயே முடிந்திருந்தது. ஐந்து விநாடி பார்த்திருந்தால் போதும். எனக்குப் பார்வை இல்லாமல் போகவில்லை. நான் அதற்கு ஒரு பெயரை வைத்துவிட்டேன். பெயர் வைத்த பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

இருவரும் ஆறு மாதம் மருந்து குடித்துச் சுகமானார்கள். சுகமான பிறகு அவள் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்து எனக்கு நன்றி சொன்னாள். என் பிழையை அவளிடம் ஒளிக்கவில்லை; முன்பே சொல்லியிருந்தேன். "பரவாயில்லை டொக்டர்" என்றாள். அந்தப் "பரவாயில்லை"யை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

கிறிஸ்டியின் கதையைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு வாசித்தபோது, வானியலை விட எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த எக்ஸ்ரே படம்தான். பிறகு ரீச்சர். அவர் எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் சொல்லித் தந்ததை நான் வைத்தியப் படிப்பு முடித்த பிறகும் மறந்திருந்தேன். ஒன்று பிழையாகத் தெரிந்தால், பக்கத்தில் உள்ளவையும் அப்படித்தானா என்று பார். எல்லாமே பிழை என்றால் கருவியில் குறை. ஒன்று மட்டும் என்றால் அது உனக்கு எதையோ சொல்ல வருகிறது.

இங்கே இருக்கும் ஆசிரியர்களே, உங்கள் மேசையிலும் தினமும் தட்டுகள் வருகின்றன. கவனயீனம், சோம்பல், வாய்க்காரி, மந்தம் என்று எழுத ஓர் இடமும் இருக்கிறது. தாய்மாரே, உங்களுக்கும் அப்படித்தான். வீட்டில் கலகலப்பாக இருக்கும் பிள்ளை வகுப்பில் மட்டும் ஊமையாக இருந்தால், அல்லது எல்லாப் பாடத்திலும் கெட்டிக்காரியாக இருப்பவள் ஒரு பாட நேரத்தில் மட்டும் வயிற்றுவலி என்று சொன்னால், அவளுக்குப் பெயர் வைக்க முதல் மற்ற நட்சத்திரங்களை ஒரு தடவை பாருங்கள்.

2015 ஜூலை 14ஆம் திகதி நியூ ஹொரைசன்ஸ் என்ற விண்கலம் ஒன்பதரை ஆண்டுப் பயணத்தின் பின் புளூட்டோவையும் ஷாரனையும் கடந்து சென்றது. அதில் தூசித் துணிக்கைகளை எண்ணும் கருவி ஒன்று இருந்தது. பல்கலைக்கழக மாணவர்கள் செய்த அந்தக் கருவிக்கு வெனிஷியா பேர்னியின் பெயரை வைத்திருந்தார்கள். விண்கலம் அனுப்பிய படங்களில் ஷாரனுக்கு மலை இருந்தது, பள்ளத்தாக்கு இருந்தது, வடதுருவத்தில் செம்மை படர்ந்த ஒரு பரப்பும் இருந்தது. தட்டில் ஒரு புடைப்பாக இருந்தது ஓர் உலகமாகத் தெரிந்தது. அந்தப் படத்தை ரீச்சருக்குக் காட்ட ஆசைப்பட்டேன். அதற்கு முந்திய ஆண்டே அவர் காலமாகிவிட்டார்.

ஆகவே அவர் சார்பில் சங்கத்திடம் ஒன்று கேட்கிறேன். நூற்றாண்டின் நினைவாக மண்டபத்துக்குக் கதிரைகளும் நுழைவாயில் வளைவும் செய்யப் போவதாகச் சொன்னார்கள். நல்லது. அதோடு ஒவ்வோர் ஆண்டும் ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அனைவருக்கும் தவணை தொடங்கிய முதல் மாதத்திலேயே கண்ணும் காதும் சோதிப்போம். தேவையானவர்களுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுப்போம். சோதிப்பதற்கு வைத்தியர்களைக் கூட்டி வருவது என் பொறுப்பு. இந்தக் கல்லூரி உருவாக்கிய வைத்தியர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் ஆள் தட்டுப்பாடு வராது. கண்ணாடிச் செலவை வெளிநாட்டிலுள்ள அக்காமார் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். யாராவது ஒரு பிள்ளை முற்றத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, எல்லாருக்கும் இப்படித்தான் மங்கலாகத் தெரியும் என்று இன்றும் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

நீரிழிவைப் பற்றி அடுத்த முறை கட்டாயம் பேசுகிறேன்.